பனியடி

மீன் சந்தைக்குப் புதுக் கொட்டகை கட்டியிருந்தார்கள். அதைத் திறக்கிற அன்று முரசுக் குழு புதிதாக ஓர் உருப்படி வாசிக்க வேண்டும் என்று மீனவர் சங்கம் கேட்டுக்கொண்டதிலிருந்து அகிஹோவின் வாய் சும்மா இருந்ததில்லை. ஐஸ் ஆலையில் கட்டிகளைச் சரிவில் தள்ளிவிடும்போதும் டொகோ டொகோ. லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கும்போதும் டோன் டோன். அந்த ஜப்பானிய மீன்பிடி ஊரான ஹமாசோகியில் முரசுக்கு அடி கட்டுவதென்றால் முதலில் வாயால்தான் கட்டுவார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்து, நாக்கு எங்கும் இடறாமல் வந்த பிறகுதான் குச்சியையே தொடுவது.

"அம்மா தாயே, மீன் ஆறிப்போச்சு," என்றான் அவள் கணவன் ரியோஹே. படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். குழுவில் நடுமுரசு அவனுடையது. "முரசை முழுங்கிட்டு சோத்தை சாப்பிடு."

"இரு. இப்பதான் ஒண்ணு மாட்டுச்சு."

"நேத்தும் இதையேதான் சொன்ன. மிசோ சூப்புல சாப்பாட்டுக் குச்சியை வச்சு அடிச்சு என் சட்டையெல்லாம் கறை."

உருப்படியின் முதல் பாதி அவளுக்கே பிடித்துப்போயிருந்தது. விடிகாலையில் கடலுக்குப் போகலாம் என்று கொடி ஏறியதும் கடற்பாசிப் படகுகள் முண்டியடித்துக்கொண்டு கிளம்புமே, அந்த அவசரம் அதில் இருந்தது. இரண்டாம் பாதிக்குத்தான் என்ன செய்வதென்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆலை வாசலில் நின்று மூடுபனி துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பனியடி ஞாபகம் வந்தது. இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பனியடியைத் தெரியாதவர் ஹமாசோகியில் கிடையாது. கோடையில் மூடுபனி இறங்கி, வெளியே போன படகு ஏதாவது திரும்பாமல் இருந்தால், அலைத்தடுப்புச் சுவரின் முனைக்குப் பெரிய முரசைத் தூக்கிப்போய் அடிப்பார்கள். டோன், டோன், டொகோ டோன். பிறகு ஒரு நீண்ட மௌனம். மறுபடியும் டோன், டோன், டொகோ டோன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகு கரைக்கு வந்துவிடும். வந்ததும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் சுவர் முனை வரைக்கும் நடந்து போய், அடித்தவரிடம் போதும் என்று சொல்ல வேண்டும். அதுவரை அடி நிற்காது. இப்போது படகுக்குப் படகு வழிகாட்டும் கருவிகள் வந்துவிட்டதால் முரசு சுவர் முனைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.

அந்த அடியை அப்படியே எடுத்துக்கொண்டாள். மௌனம் ஒன்றுதான் இடித்தது. மேடையில் அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஜனங்கள் முடிந்துபோயிற்று என்று கைதட்டிவிடுவார்கள். பாதியில் கைதட்டு வாங்கினால் மானம் போய்விடும். அதனால் அந்த இடைவெளிகளில் நடுமுரசுகளின் விளிம்புத் தட்டுகளைச் சேர்த்தாள். கா கா கராகா. அடியில் சின்ன முரசு தெகே தெகே என்று ஓடிக்கொண்டிருக்கும். சொல்லிப் பார்த்தபோது நாக்கில் சர்க்கரையாக வந்தது. அடி, நீ லேசுப்பட்டவள் இல்லையடி என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

ஒத்திகை பழைய கடற்பாசிக் கிடங்கில் நடந்தது. அன்றைக்கும் நல்ல பனி. பனி நாளில் தோல் தொய்ந்துபோகும். சுமாகோ தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சின்ன முரசின் கயிற்றை மரச்சுத்தியால் தட்டித் தட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கியவள். பின்வரிசையில் சின்ன முரசோடு உட்கார்ந்து காலம் பிடிப்பது அவள் வேலை. முன்னால் நிற்கிறவர்கள் குதிக்கலாம், ஆடலாம், கத்தலாம். காலம் மட்டும் அவள் மடியில் இருக்கும்.

"அக்கா, அது முரசு. உங்க மருமகன் இல்ல. இந்த அடி அடிக்கறீங்க," என்றான் ரியோஹே.

"மருமகனை இப்படி முறுக்கினா அவன் நல்ல சத்தம் கொடுப்பானா? முரசு கொடுக்கும்," என்றாள் சுமாகோ, நிமிர்ந்து பார்க்காமல்.

பெரிய முரசுக்கு முன்னால் தொகுஜி நின்றிருந்தார். முன்பு வலைப்படகு ஓட்டியவர். தோள் பழுதான பிறகு கடலை விட்டுவிட்டார், முரசை விடவில்லை. அவர் பேசுவதை விட அவர் முரசு பேசுவது அதிகம் என்று குழுவில் சொல்வார்கள்.

அகிஹோ எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொடுத்தாள். முதல் பாதி நன்றாகவே வந்தது. பனியடி என்று வாய் திறந்து அவள் சொல்லவில்லை. டோன், டோன், டொகோ டோன் என்று சொன்னதுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தொகுஜி ஒரு கணம் தயங்கிவிட்டுக் குச்சியை ஓங்கினார். இடைவெளியில் விளிம்புத் தட்டு விழுந்தது. சின்ன முரசு தெகே தெகே என்று ஓட ஆரம்பித்தது. நாலு எட்டு ஓடியிருக்கும், நின்றுவிட்டது.

சுமாகோ குச்சிகளைத் துணி உறையில் செருகிக்கொண்டிருந்தாள். "நான் கிளம்பறேன். பாசியைத் திருப்பிப் போடணும்," என்றாள்.

வெளியே எதிரில் இருப்பவன் முகம் தெரியாத பனி. அந்தப் பனியில் யாரும் பாசி காயப்போட மாட்டார்கள் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். தொகுஜி முரசைப் பார்த்தபடியே நின்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ரியோஹே ஆரம்பித்தான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? அவங்க வீட்டுக்காரர் பனியிலதான் போனாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவங்க கையிலயே அந்த அடியைக் கொடுத்த?"

சுமாகோவின் கணவர் எய்சுகே கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அகிஹோ வெளியூரில் பள்ளிக்கூட விடுதியில் இருந்தாள். விஷயம் தெரியும், அவ்வளவுதான். அடி நன்றாக அமைந்துவிட்ட குஷியில் அது கண்ணிலேயே படாமல் போயிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன்மேலேயே அருவருப்பாகக்கூட இருந்தது. சுமாகோ இல்லாவிட்டால் உருப்படியே இல்லை, அது ஒரு பக்கம். அந்த மனுஷி உறைக்குள் குச்சியைச் செருகிய விதம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வேலை முடிந்த கையோடு சுமாகோ வீட்டுக்குப் போனாள். சுமாகோ கொட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த பாசியின் ஓரங்களைக் கத்தரித்து ஒரே நீளமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. இன்னொரு கத்தரியை எடுத்து நீட்டினாள். அகிஹோ உட்கார்ந்து கத்தரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து தப்பு பண்ணிட்டேன். அந்த இடத்தை எடுத்துடறேன்."

"எந்த இடத்தை?"

"பனியடியை."

"அதை எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தானே இருந்துச்சு, நீ கெடுக்கற வரைக்கும்."

அகிஹோ கத்தரியை நிறுத்தினாள்.

"டோன், டோன், டொகோ டோன்னு அடிச்சிட்டு, அப்புறம் சும்மா இருக்காங்களே, எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள் சுமாகோ.

"சத்தம் தூரம் போய்ச் சேரட்டும்னு."

"மண்ணாங்கட்டி. காது கொடுக்கறதுக்கு. எஞ்சின் சத்தம் வருதா, படகுலேர்ந்து குரல் கொடுக்கறாங்களான்னு கேக்கறதுக்கு. அந்த நேரம் பாத்து நீ கடகடன்னு டப்பா உருட்டினா எது காதுல விழும்? கூப்பிட வேண்டியது, அவன் பதில் சொல்ற நேரத்துல நீயே பேசிட்டிருக்க வேண்டியது. நல்ல கூத்து."

கிழவியாகப் போகிறவள் அப்படியே பொரிந்து தள்ளினாள். அகிஹோவுக்குக் காது மடல் சுட்டது. சின்ன வயதிலிருந்து கேட்ட அடி. மௌனம் அதில் ஓய்வு என்று நினைத்திருந்தாள். அதுதான் வேலை என்று தோன்றவே இல்லை.

"நானும் கைக்கு வந்தபடி ஓட்டிட்டுதான் இருந்தேன்," என்றாள் சுமாகோ, குரலை இறக்கி. "நடுவுல, அய்யய்யோ, கேக்காம அடிச்சிட்டிருக்கோமேன்னு ஆயிடுச்சு. அதான் எந்திரிச்சு வந்துட்டேன்."

சுமாகோ அடுத்த பாசியை எடுத்து ஓரத்தைக் கத்தரித்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அடிச்சதுதான் கடைசி. ராத்திரி முழுக்க அடிச்சாங்க, விடிஞ்சும் அடிச்சாங்க. நான் இந்தா, இங்க உக்காந்து, தேடப் போறவங்களுக்குச் சோத்து உருண்டை பிடிச்சிட்டிருந்தேன். மத்தியானம் பனி விலகிடுச்சு. கையெல்லாம் உப்பு. என்னடா இது, இவ்வளவு அமைதியா இருக்கேன்னு பாத்தா, அடி நின்னுபோயிருந்துச்சு."

"ஏன் நிறுத்தினாங்க?"

"பனிதான் போச்சே. கண்ணு தெரியற கடல்ல எதுக்கு முரசு? நியாயம்தான். அப்புறம் படகு மட்டும் கவுந்து கிடைச்சுது. கல்லறைக் கல்லு நட்டாச்சு, வருஷா வருஷம் திதி கொடுத்தாச்சு. அதெல்லாம் கோயில்ல அவங்க முடிச்சு வச்சது." சுமாகோ பாசிக் கட்டு ஒன்றை எடுத்துத் தட்டி நேராக்கினாள். "படகு வந்தா வீட்டுலேர்ந்து போய்ப் போதும்னு சொல்றோம். வரலைன்னாலும் வீட்டுலதானே சொல்லணும்? என்னை யாரும் கேக்கல. நான் இன்னும் சொல்லல. அவ்வளவுதான். உனக்குப் பைத்தியக்காரத்தனமாத் தெரியும்."

"இல்லக்கா." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள். "அன்னிக்கு யார் அடிச்சது?"

"தொகுஜி அண்ணன். வேற யாரு அவ்வளவு நேரம் அடிப்பா."

"அவர்மேல கோவமா?"

"உள்ளங்கை தோல் உரிய உரிய அடிச்ச மனுஷன் அவர். கோவப்பட்டா என் நாக்கு அழுகிடும்." சுமாகோ கத்தரியைக் கீழே வைத்தாள். "கேட்டிருக்கலாம். அது மட்டும்தான் மனசுல நிக்குது."

இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே குழுவில். அவர் முன்னால், அவள் பின்னால். அவர் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவள்தான் காலம் பிடித்துக்கொடுத்திருக்கிறாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. என்ன ஜென்மங்களோ என்று அகிஹோ நினைத்தாள்.

இடைவெளிகளில் போட்டதையெல்லாம் அன்றைக்கே தூக்கி எறிந்தாள். விளிம்புத் தட்டு போயிற்று, தெகே தெகே போயிற்று. முடிவுதான் பாக்கி நின்றது. எல்லா முரசும் சேர்ந்து இடித்து, எல்லோரும் கையை உயர்த்தி நிற்கிற வழக்கமான முடிவு ஒன்றை வைத்திருந்தாள். அதை வாயால் சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே குமட்டியது. வேறொன்று கட்டிப் பார்த்தாள். சன்னமாகத் தேய்ந்து தேய்ந்து அடங்குகிற மாதிரி ஒன்று. அது அதைவிடப் பொய்யாக இருந்தது. வீட்டில் சொல்லாமல் நிறுத்த அவள் யார்?

அடுத்த ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "கடைசியில ஒவ்வொருத்தரா நிறுத்திடறோம். தொகுஜி அண்ணன் மட்டும் பனியடி அடிப்பாரு. அதை நிறுத்தறது சுமாகோ அக்கா. எப்ப தோணுதோ அப்ப."



"அவங்க நிறுத்தலைன்னா?" என்று கேட்டான் ரியோஹே.

"நிறுத்தலைன்னா அடிச்சிட்டே இருப்பாரு."

"அதுக்கப்புறம் சங்கத் தலைவர் பேச்சு இருக்கு தெரியுமில்ல? சரி விடு, அதுக்கும்தான் முடிவு கிடையாது."

சிரித்தார்கள். தொகுஜி சிரிக்கவில்லை. சுமாகோ பக்கம் திரும்பவும் இல்லை. ஒத்திகை கலைந்த பிறகு, தோளுக்கு மருந்துப் பட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் ரியோஹே போனான்.

"அண்ணே, இது நீளமாப் போகும் போலிருக்கு. உங்க தோளுக்கு ஆகாது. அந்த இடத்துக்கு மட்டும் நான் வந்து அடிக்கட்டுமா?"

"வேணாம். அதை நான்தான் அடிக்கணும்," என்றார் தொகுஜி. சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எத்தனை ஒத்திகை நடந்தாலும், தொகுஜி தனியாக அடிக்கிற இடம் வந்ததும் சுமாகோ கையைத் தூக்கிவிடுவாள். "இது போதும். மிச்சத்தை அன்னிக்குப் பாத்துக்கலாம்." முடிவு என்ன ஆகும் என்று கட்டியவளுக்கே தெரியாத உருப்படியை ஊர் முன்னால் வைக்கப்போகிறோம் என்று அகிஹோவுக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. ஒருத்தியின் துக்கத்தை மேடை ஏற்றி வேடிக்கை காட்டுகிறோமோ என்ற பயம். மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அக்கா, ஊர் முன்னாடி உங்களை நிக்க வைக்கறேனோ?"

"நின்னா என்ன?" என்றாள் சுமாகோ. "சுவர் முனை மட்டும் ஊர் முன்னாடி இல்லாம எங்க இருந்துச்சு? நீ உன் அடியை ஒழுங்கா அடி. முதல் பாதியில இன்னமும் காலத்தை முந்தற."

திறப்பு விழா அன்று வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. புதுக் கொட்டகையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கடல் பக்கம் சுவரே கிடையாது, படகுகள் நேராக வந்து ஒட்டி நிற்க வேண்டும் என்பதால். ஒரு ஓரமாக சால்மன் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் சங்கத் தலைவர், மடித்த காகிதத்தோடு.

முதல் பாதி பறந்தது. படகுகள் கிளம்பின, முந்தின, குழந்தைகள் கத்தின. அகிஹோ முந்தவில்லை. பிறகு நடை தளர்ந்து, முரசுகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. ரியோஹே நிறுத்தினான். அகிஹோ நிறுத்தினாள். கடைசியில் சின்ன முரசும் நின்றது.

டோன். டோன். டொகோ டோன்.

கூட்டத்தில் வயசானவர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மௌனம் வந்தது. அகிஹோ பயந்த மாதிரி யாரும் கைதட்டவில்லை. அது எதற்கான மௌனம் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி அடித்தார். மறுபடி மௌனம். சுமாகோ மடியில் குச்சிகளை வைத்துக்கொண்டு, தலையை லேசாகக் கடல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டுக் கொதி வருகிறதா என்று கேட்கிறவளின் முகம்தான் அது. தொகுஜி அடித்தார். அவள் கேட்டாள். அடித்தார். கேட்டாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சங்கத் தலைவர் காகிதத்தைப் பிரித்தார், மடித்தார். ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். தொகுஜியின் வலது தோள் இறங்க ஆரம்பித்திருந்தது. ரியோஹே ஓரடி முன்னால் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். போதும் என்று சொல்லுங்கள் அக்கா என்று அகிஹோ மனதுக்குள் கெஞ்சினாள். உடனே, நீ யாருடி அதைச் சொல்ல என்றும் தோன்றியது. சுமாகோ சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது என்று அப்போதுதான் அகிஹோவுக்கு உறைத்தது. தானாகச் சொல்கிற விஷயமா அது? முடிவை அவள் கையில் கொடுத்தாயிற்று என்று நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்.

இன்னொரு முறை அடித்துவிட்டு, மௌனத்தில், தொகுஜி திரும்பினார். முரசடிக்கிறவர் கூட்டத்துக்கும் முதுகு காட்டலாம், பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டலாம்; நடுவில் முரசை விட்டுத் திரும்புவது எந்த உருப்படியிலும் கிடையாது. அவர் முழுசாகவே திரும்பி, பின்வரிசையைப் பார்த்து நின்றார்.

"சுமாகோ," என்றார். மூச்சு வாங்கியது. "இன்னும் அடிக்கட்டுமா?"

கொட்டகை முழுக்கக் கேட்டது. அது அகிஹோ கட்டியதில் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

சுமாகோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஒருமுறை கோணி நேரானது.

"இன்னும் ஒரே ஒரு தடவை அண்ணே."

அவர் முரசுப் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் ஓங்கினார். டோன். டோன். டொகோ டோன்.

சுமாகோ எழுந்து நின்று கேட்டாள். ஊரே கடல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பத்தில் அலை தட்டுகிற சத்தம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. அவள் முரசுகளுக்கு நடுவே நடந்து பெரிய முரசின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போதும் அண்ணே," என்றாள். "அவர் வரமாட்டாரு. ரொம்ப நேரம் அடிச்சிட்டீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

தொகுஜி குச்சிகளைக் கீழே வைத்தார்.